வெற்றிலைப் பை தூக்கினவர் கைக்கு நாடு வந்த கதை

தூத்துக்குடியில இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு வேலையைப் பத்திப் பேசப் போறோம். ராஜா பக்கத்துல ஒரு பையை வச்சுக்கிட்டு நிக்கணும். அவர் கையை நீட்டினா, வெற்றிலையில பாக்கு வச்சு, சுண்ணாம்பு தடவி, மடிச்சுக் கொடுக்கணும். வேலை அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு தோணும். ஆனா 16ஆம் நூற்றாண்டுல இந்த வேலையைப் பார்த்த ஒருத்தர் கைக்குத் தஞ்சாவூர் போச்சு. மதுரையும் இப்படித்தான் போச்சுன்னு ஒரு மரபு இருக்கு. மதுரை யார் கைக்குப் போகுதோ, நம்ம முத்துக்குளித்துறை மேல அவங்க கண்ணும் விழும். அதனால இது ஏதோ அரண்மனைக் கதை மட்டும் இல்ல, நம்ம கடற்கரைக் கதையும்தான்.

முதல்ல பேரைப் பார்த்துடுவோம். வெற்றிலை வைக்கிற பைக்குத் தமிழ்ல அடைப்பை அல்லது அடைப்பம்னு பேர். அதைத் தூக்கிட்டுப் போறவர் அடைப்பைக்காரர். கன்னடத்துல இதையே ஹடபம்னு சொல்வாங்க. 12ஆம் நூற்றாண்டுல பசவண்ணரோட கூடவே இருந்த அப்பண்ணாவை இன்னைக்கும் ஹடபத அப்பண்ணான்னுதான் கூப்பிடுறாங்க. வேலையே பேராயிடுச்சு. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள்லயும் சில நாயக்கர்கள் பேருக்கு முன்னாடி 'அடைப்பம்'னு வரும். கல்லுல வெட்டி வைக்கிற அளவுக்கு அது ஒரு பெருமையான பட்டம்.

ஏன் அப்படி? மூணு காரணம் சொல்லலாம்.

ஒண்ணு, உயிர். ராஜா வாயில போடுற பொருள் அது. விஷம் வைக்கணும்னு நினைக்கிறவனுக்கு அதைவிட வசதியான வழி கிடையாது. அதனால அந்தப் பை, ராஜா கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஆள்கிட்டதான் போகும்.

ரெண்டு, இடம். மந்திரியைக் கூப்பிட்டாதான் வருவார். தளபதி எல்லையில இருப்பார். அடைப்பைக்காரர் எப்பவும் கூடவே இருப்பார். ராஜா யார்கிட்ட என்ன பேசினார், எந்தச் சேதிக்கு முகம் சுளிச்சார், யாருக்குச் சிரிச்சார், எல்லாம் அவருக்குத் தெரியும்.

மூணாவது, வெற்றிலைக்கு இருந்த மதிப்பு. 1443ல பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் விஜயநகரத்துக்கு வந்தார். ராஜாவைப் பார்க்கப் போனா அவருக்கு வெற்றிலை, பணம், கற்பூரம் மூணும் கொடுத்து அனுப்புவாங்கன்னு எழுதி வச்சிருக்கார். வெற்றிலையோட குணத்தைப் பத்தியும் ரொம்ப ரசிச்சு எழுதியிருக்கார் மனுஷன்! அரசவையில வெற்றிலை கிடைச்சா "உன்னை ஏத்துக்கிட்டோம்"னு அர்த்தம். நமக்கு இதைப் புதுசா சொல்ல வேண்டியதில்ல. இன்னைக்கும் நம்ம ஊர்ல கல்யாணப் பேச்சு எப்போ முடிவாகுது? வெற்றிலை பாக்கு மாத்தினதும்தானே? அந்த மரியாதையை ராஜா சார்பா கையில வச்சிருந்தவர்தான் அடைப்பைக்காரர்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன், அதனால எனக்குப் புரியுற மாதிரி ஒரு உதாரணம் சொல்றேன். எந்தக் கம்பெனியிலயும் பதவி வரிசைன்னு ஒரு படம் இருக்கும். அதுல மேல இருக்கிறவங்க எல்லாம் வைஸ் பிரசிடென்ட், டைரக்டர். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா யாரைக் கூப்பிடுறோம்? புரொடக்‌ஷன் ஆக்சஸ் யார்கிட்ட இருக்கோ அவரை. அவர் பேர் அந்தப் படத்துல எங்கேயோ கீழே கிடக்கும். பதவி வேற, ஆக்சஸ் வேற. அடைப்பைக்காரர்கிட்ட இருந்தது ஆக்சஸ்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்த விஷயமான்னு கேட்டா, இல்ல. இதோட இரட்டைப் பிறவி மாதிரி ஒரு கதை ஸ்காட்லாந்துல இருக்கு. கொஞ்ச நேரம் அங்க போயிட்டு வந்துடுவோம்.

12ஆம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்தை முதலாம் டேவிட் ஆண்டார். அவர்கிட்ட வால்டர் ஃபிட்ஸ் ஆலன்னு ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தார். பூர்வீகம் பிரான்ஸ்ல இருக்கிற பிரிட்டனி. கிடைச்ச வேலை ஸ்டூவர்ட். பழைய ஆங்கிலத்துல அதுக்கு வீட்டைக் காக்கிறவர்னு பொருள். லத்தீன் ஆவணங்கள்ல அதுக்கு இருக்கிற சொல்லுக்கு நேர் அர்த்தம், சாப்பாடு எடுத்துட்டு வர்றவர். அங்க சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர், இங்க சாப்பிட்டு முடிச்சதும் வெற்றிலை கொடுத்தவர். பந்தியே முழுசா முடிஞ்சது பாருங்க!

வால்டர் காலத்துல அவர் தட்டு தூக்கிட்டு நிக்கல. அரண்மனைச் செலவு, வேலையாட்கள், கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. கூடவே ரென்ஃப்ரூ பக்கம் நிறைய நிலமும் கிடைச்சுது. அடுத்து வந்த ராஜா நாலாம் மால்கம், இந்தப் பதவி வால்டரோட வாரிசுகளுக்கும் சேரும்னு சாசனம் எழுதிக் கொடுத்துட்டார். திருப்பமே இங்கதான். ஒரு ஆளை நம்பிக் கொடுத்த வேலை, ஒரு குடும்பத்தோட சொத்தா மாறிடுச்சு. அதுக்கப்புறம் அப்பா, பிள்ளை, பேரன்னு அதே வேலை. ஸ்டூவர்ட்ங்கிற வேலைப் பேரே குடும்பப் பேராவும் ஆயிடுச்சு.

ஆறாவது ஸ்டூவர்ட்டும் ஒரு வால்டர்தான். அவர் 1315ல ராபர்ட் புரூஸ் ராஜாவோட பொண்ணு மார்ஜரியைக் கல்யாணம் பண்ணினார். அவங்க பையன் ராபர்ட். 1371ல புரூஸ் வம்சத்து ராஜா இரண்டாம் டேவிட் பிள்ளை இல்லாம இறந்து போனப்போ, அந்த ராபர்ட் தன்னோட 55ஆவது வயசுல ராஜா ஆனார். 1603ல அவர் வம்சமே இங்கிலாந்து சிம்மாசனத்துலயும் உட்கார்ந்துச்சு. 1714ல ராணி ஆன் இறந்ததோட அந்த வம்சத்தோட ஆட்சி முடிஞ்சுது. அந்தப் பழைய பதவி இன்னும் காகிதத்துல உயிரோட இருக்கு. பிரிட்டிஷ் பட்டத்து இளவரசருக்கு இருக்கிற பட்டங்கள்ல ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டும் ஒண்ணு.

சரி, நம்ம பக்கம் வருவோம். விஜயநகரத்துல கிருஷ்ணதேவராயர் 1529ல இறந்ததும் அவர் தம்பி அச்சுததேவராயர் ராஜா ஆனார். அவரோட அடைப்பைக்காரர்னு வரலாற்றுல சொல்லப்படுறவர் சேவப்ப நாயக்கர். சேவப்பருக்கு இன்னொரு உறவும் உண்டு. ராணியோட சகோதரி மூர்த்திமாம்பாவைக் கல்யாணம் பண்ணியிருந்தார். அதாவது அச்சுதருக்கு சகலப்பாடி! பையையும் கொடுத்து, சம்பந்தமும் ஆகிடுச்சு. 1530களோட ஆரம்பத்துல தஞ்சாவூர்ச் சீமை அவர் கைக்கு வந்துச்சு. அங்க இருந்து 1673 வரைக்கும் அவர் வம்சம் ஆண்டுச்சு. தஞ்சாவூர்ல சேவப்பநாயக்கன் ஏரின்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது இவர் பேருதான்.

ஸ்காட்லாந்துல நடந்த அதே படிகள்தான். பக்கத்துல நின்னாங்க, நம்பிக்கை வாங்கினாங்க, பொண்ணு எடுத்தாங்க, வாரிசுக்குக் கைமாத்தினாங்க.

மதுரைக்கு வருவோம். மதுரை நாயக்க வம்சத்தை ஆரம்பிச்ச விசுவநாத நாயக்கரும் ராயரோட அடைப்பைக்காரரா இருந்தவர்னுதான் மரபு. அவரைப் பத்தி ஒரு பிரபலமான கதை உண்டு. அவர் அப்பா நாகம நாயக்கர் மதுரைக்குப் படையோட போனார், பாண்டியனுக்கு உதவ. போனவர் நாட்டைத் தானே வச்சுக்கிட்டார். "யார் போய் அவனைப் பிடிச்சுட்டு வர்றது?"ன்னு ராயர் சபையில கேட்டார். எல்லாரும் தலையைக் குனிஞ்சாங்க. "நான் போறேன்"னு எழுந்தவர் நாகமரோட சொந்தப் பையன் விசுவநாதர். போனார், அப்பாவை ஜெயிச்சார், கைதியா கொண்டு வந்து நிறுத்தினார். ராயர் நெகிழ்ந்து போய் அப்பாவை மன்னிச்சு, பையனுக்கு மதுரையைக் கொடுத்தார்.

இந்தக் கதை பின்னாடி எழுதப்பட்ட வம்ச வரலாறுகள்ல வருது. நடந்தது அப்படியேதானான்னு வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுறாங்க. எனக்கு இந்தக் கதை ஏன் முக்கியமா படுதுன்னா, அது யாரைப் பாராட்டுதுன்னு பாருங்க. அப்பாவைவிட எஜமான்தான் பெருசுன்னு நின்னவருக்கு நாடு பரிசு. விசுவாசம்ங்கிற வார்த்தைதான் அந்த வம்சத்தோட அஸ்திவாரம்னு காட்ட ஒரு கதை தேவைப்பட்டிருக்கு.

அதே மாதிரி பட்டத்தையும் கவனிங்க. கல்வெட்டுகள்ல மதுரை நாயக்கர்களை 'காரியத்துக்குக் கர்த்தர்'னு குறிப்பிடுவாங்க. ராயரோட காரியத்தைப் பார்க்கிறவர், ஏஜென்ட்னு அர்த்தம். 1565ல தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் விஜயநகரம் ஆட்டம் கண்டுடுச்சு. நாயக்கர்கள் கொஞ்சம் கொஞ்சமா தனி ராஜாக்கள் மாதிரியே ஆனாங்க. ஆனா வேலைக்காரன் பட்டத்தைச் சட்டுன்னு தூக்கிப் போடல. "நான் எதுவும் பறிக்கல, கொடுத்ததைப் பார்த்துக்கிறேன்"னு சொல்ல அந்தப் பட்டம் வசதியா இருந்துச்சு.

இப்போ நம்ம கடற்கரைக்கு வந்துட்டோம். அரண்மனையில வெற்றிலை மடிச்சவங்களுக்கு நாடு கிடைச்சா, அந்த நாட்டோட வருமானமும் அவங்களுக்குத்தானே? முத்து அதுல பெரிய வருமானம். 1530கள்ல பரதவ மக்கள் போர்ச்சுகீசியர் பாதுகாப்பைத் தேடி, கத்தோலிக்க மதத்துல சேர்ந்தாங்க. உள்நாட்டு ஆட்சியாளர்களுக்கு இது பிடிக்குமா? 1544ல வடுகக் குதிரைப்படை தென் கரையோர ஊர்களுக்குள்ள புகுந்துச்சு. ஜனங்க ஊரை விட்டு ஓடி, குமரிமுனைப் பக்கம் பாறைகள்ல போய் ஒதுங்கினாங்க. சோறு தண்ணி இல்ல. அப்போ மணப்பாட்டுல இருந்த பிரான்சிஸ் சவேரியார், தோணிகள்ல உதவி எடுத்துட்டுக் கிளம்பினார். எதிர்காத்துல போக முடியலன்னு அவரே கடிதத்துல எழுதியிருக்கார். வெற்றிலைப் பைக்கும் அந்தப் பாறைக்கும் எவ்வளவு தூரம் பாருங்க. ஹம்பியில யாரோ யாரையோ நம்பினதோட விலையை இங்க வேற யாரோ கொடுத்தாங்க.

1658ல தூத்துக்குடி டச்சுக்காரங்க கைக்குப் போச்சு. அவங்க கணக்குல ஒரு சுவாரசியமான வரி வரும். முத்துக்குளிப்புல உரிமையை 'கல்'லுல அளப்பாங்க. குளிக்கிறவர் சீக்கிரம் கடலடிக்குப் போக ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு இறங்குவார். ஒரு கல்லுக்கு ரெண்டு பேர், மாறி மாறி இறங்குவாங்க. இதுல மதுரை நாயக்கருக்கு வரியில்லாக் கல் 96½. ராமநாதபுரம் சேதுபதிக்கு 60. மதுரை நாயக்கர் ஒரு நாளும் தண்ணிக்குள்ள இறங்கினதில்ல. ஆனா கடலுக்கு அடியில அவர் பேர்ல 96½ கல்!

முத்துக்குளிப்பைப் பத்தி எங்க ஊர்ல இன்னொரு விஷயமும் சொல்வாங்க. தண்ணிக்குள்ள இறங்குறவர், மேல கயிறு பிடிக்கிற வேலையை மச்சான்கிட்டதான் கொடுப்பாராம். தன் அக்கா தங்கச்சி தாலி அறுக்க எந்த மச்சானும் விட மாட்டான்ல? அந்தக் கணக்கு. ராஜா சகலப்பாடிகிட்ட வெற்றிலைப் பையைக் கொடுத்ததும் இதே கணக்குதான். உயிரை ஒருத்தர் கையில கொடுக்கணும்னா, உறவால கட்டிப் போட்டுக் கொடு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கயிறு பிடிச்ச மச்சானோட வேலை, குளிக்கிறவர் மேல வந்ததும் முடிஞ்சுது. மறுநாள் வேற ஆள்கிட்டயும் கயிறைக் கொடுக்கலாம். வால்டருக்கும் சேவப்பருக்கும் கிடைச்ச வேலைக்கு அந்த முடிவு இல்ல. பையனுக்குப் போச்சு, பேரனுக்குப் போச்சு. முதல் ஆளை நம்பினது ஒரு ராஜா. பேரனைத் தாங்கினது ஊர் ஜனங்க. அவங்களை யாரும் கேட்கவே இல்ல.

நம்ம வேலையில, ஒருத்தர் டீம் மாறினா முதல் நாளே அவர் ஆக்சஸை எடுத்துடணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. அந்த ஆள் மேல சந்தேகம்னு அர்த்தம் கிடையாது, நம்பிக்கைக்கு ஒரு கெடு வைக்கிறோம், அவ்வளவுதான். இன்னைக்கு எம்.எல்.ஏ.வைப் பார்க்கணும்னா முதல்ல யாரைப் பார்க்கச் சொல்றாங்க? பெரிய நடிகர்கிட்டப் பேசணும்னா? அவங்க பி.ஏ.வை. தேர்தல்ல நிக்காத, பேட்டி கொடுக்காத அந்த ஆள் கையிலதான் கதவு இருக்கு. அடுத்த தடவை ஒரு தலைவர் போட்டோ பார்த்தா, நடுவுல இருக்கிறவரை விட்டுட்டு, ஓரத்துல பை வச்சுக்கிட்டு நிக்கிறவரைக் கொஞ்சம் பாருங்க. அவர் எத்தனை வருஷமா அங்கயே நிக்கிறார், அடுத்து அங்க யார் நிக்கப் போறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க ஊர்ல வேலைப் பேரே குடும்பப் பேராவோ தெருப் பேராவோ மாறின கதை இருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.