குளத்துப் பச்சை யார் செயல்?
(வள்ளூர்ச் சொற்பொழிவு)



மழை பெய்து சில நாளில் குளத்துத் தண்ணீர் பச்சையாய்ப் போனால், "அம்மன் இறங்கியிருக்கிறாள்" என்று பூசைக்குப் பணம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1,500 மெகாவாட் மின்சார நிலையம் உள்ள இந்த வள்ளூரிலாவது, அந்தப் பச்சை என்னவென்று நாம் யோசிக்க வேண்டாமா?

அத்தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில சமயம் குண்டூசித் தலையிலும் சிறிய பச்சை உருண்டைகள் உருண்டு போவது வெறுங்கண்ணுக்கே தெரியும். அதற்கு வால்வாக்ஸ் என்று பெயர். அது ஒரு பாசி. 1700-இல் லீவன்ஹூக் என்னும் ஹாலந்து துணி வியாபாரி, தம் கையால் தேய்த்த கண்ணாடியைக் கொண்டு அதைக் கண்டு எழுதினார். நம் சென்னையில் பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார் தென்னிந்தியாவின் இவ்வகைப் பாசிகளை ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டார். அதில் அவர் 'நாகரியென்சிஸ்' என்று பெயரிட்ட வகை இன்று உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்கிறது. அவர் பார்த்தது மைக்ராஸ்கோப்பில், பஞ்சாங்கத்தில் அல்ல!

அவ்வகையில் ஓர் உருண்டை என்பது சுமார் 2,000 உயிரணுக்கள் சேர்ந்த கூட்டம். ஒவ்வொன்றும் இரண்டு மயிரிழை வால்களால் துடுப்புப் போட, கூட்டம் முழுவதும் வெளிச்சத்தை நோக்கி நீந்துகிறது. மற்றும் 16 பெரிய அணுக்கள் குஞ்சு உருண்டைகளாகின்றன. ஆராய்ச்சிச் சாலையில் இரண்டு நாளுக்கு ஒரு தலைமுறை. கணக்குப் போடுங்கள்: எல்லாம் பிழைத்தால் பத்து நாளில் ஒன்று பத்து லட்சத்துக்கு மேலாகும். குளம் பச்சையாவதற்கு இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு போதாதா? அம்மன் எதற்கு?

அது வாழ அசையாத நல்ல தண்ணீர், வெயில், சாணமும் எருவும் கரைந்த சத்து ஆகியவை வேண்டும். எண்ணூர்க் கழியின் உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது. கோடையில் எங்கே போகிறதென்றால், எங்கும் போவதில்லை. தண்ணீர் சூடேறியதும் ஆண் பெண் உருண்டைகள் தோன்றிக் கருவிதைகள் உண்டாகின்றன. அவை தடித்த தோலோடு காய்ந்த சேற்றில் கிடந்து, மழை வந்ததும் முளைக்கின்றன. ஆகவே, மேலிருந்து இறங்கியது ஒன்றுமில்லை. கீழே கிடந்ததுதான் எழுந்தது.

ஆனால் பச்சையெல்லாம் வால்வாக்ஸ் அல்ல. சாக்கடையும் உரமும் மிகுந்தால் நீலப்பச்சைப் பாசி ஏடு படியும். அதில் சில மாட்டையும் கொல்லும் விஷமுள்ளவை. அதைத் தீர்த்தமென்று குடித்தால் எந்த மந்திரம் காப்பாற்றும்?

ஆகையால் தோழர்களே! குளத்தில் சாக்கடையை விடாதீர்கள். சாம்பலும் குப்பையும் கொட்டித் தூர்க்க விடாதீர்கள். பூசைக்குக் கொடுக்கும் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப்பு வாங்குங்கள். நாம் சொல்வதையும் அப்படியே நம்பாமல், பிள்ளைகளோடு நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.