ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?



உங்கள் கல்லாப் பெட்டி அருகே ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட ஸ்டிக்கரை ஒருமுறை பாருங்கள். வாடிக்கையாளர் கைபேசியை நீட்டுகிறார்; பணம் வந்துவிட்டதாகப் பெட்டி பேசுகிறது. அத்தோடு நமது அக்கறை முடிந்து விடுகிறது. அந்தப் பணம் எந்த வழியாக வந்தது, எந்த வங்கியில் சேர்ந்தது என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2024 ஜனவரி 31 அன்று, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிதாகப் பணம் வரவு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதற்கு முதலில் பிப்ரவரி 29 வரையும், பிறகு மார்ச் 15 வரையும் அவகாசம் தரப்பட்டது. ஸ்டிக்கரையே கிழித்தெறிய வேண்டுமா? வேறு வங்கிக் கணக்கில் பணம் சேரும்படி வைத்திருந்தவர்களுக்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. அந்த வங்கியிலேயே வரவு வைத்தவர்கள்தான் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் ஒன்று, நிலைமை இரண்டு! தன் பணம் சேரும் இடம் தெரியாதவர் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை எப்படி அறிவார்?

செயலி வேறு, வங்கி வேறு, இவற்றை இணைக்கும் யுபிஐ வேறு. 2016-ல் தொடங்கப்பட்ட யுபிஐதான் சாலை. கூகுள் பே, போன்பே, பேடிஎம் எல்லாம் அதில் ஓடும் பஸ்கள். ஒரு பஸ் நின்றால், சாலை தெரிந்தவர் அடுத்ததில் ஏறிக் கொள்வார். அந்தச் சாலையில் 2023 ஆகஸ்டில் மட்டும் 1000 கோடி பரிமாற்றங்களுக்கு மேல் நடந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வோடும் அது இணைக்கப்பட்டது. சம்பாதிக்கப் போன பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழியே மாறுகிறது! நாமோ எந்தச் செயலியில் கேஷ்பேக் அதிகம் என்று பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

அந்தக் கட்டமும் நேற்று முளைத்ததல்ல. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. காப்புரிமை இருந்தும் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்காததால் உலகெங்கும் பரவியது.

இளைஞர்களே! ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதில் மட்டுமே வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்தவர், அவர்களின் தொலைபேசி எண்ணைக்கூட குறித்து வைக்காமலிருந்தால் என்ன செய்திருப்பார்? பட்டனை அழுத்தப் பழகுவது கல்வியல்ல. பணம் எப்படி நகர்கிறது, தகவல் யார் கையில் தங்குகிறது என்பதைப் படியுங்கள்.

இந்த வாரமே அத்தாவின் கடைக்குப் போங்கள். ஸ்டிக்கரில் வரும் பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று பாருங்கள். வேறொரு வங்கியில் இன்னொரு கணக்கைத் தயாராக வையுங்கள். வாடிக்கையாளர்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.