விழுவதற்கு முன்பே நடை சொல்லும்



குடும்ப நலம் என்றால் குழந்தைகள் நலம் மட்டும் அல்ல. வீட்டுப் பெரியவர்களின் நலமும் அதில் அடங்கும். வயதான தாய் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும்? அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குக் கூலி வேலையும் போச்சு. "என்ன பண்றது, விதி" என்கிறோம். விதி அல்ல. பலருக்கு, விழுவதற்கு முன்பே நடை மாறிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாற்காலியும் ஒரு கைக்கடிகாரமும் போதும்.

முதல் சோதனை: ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். அதிலிருந்து 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி தூரத்தில், மட்டமான தரையில் ஒரு கோடு போடுங்கள். பெரியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கைத்தடி பிடிப்பவர் பிடித்துக்கொள்ளலாம். கணவர் பக்கத்திலேயே நிற்கட்டும். மனைவி நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் விழக்கூடியவர் என்று கொள்ளுங்கள். 1991-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த முறையை இன்று உலகெங்கும் மருத்துவர்கள் கையாளுகிறார்கள்.

இரண்டாவது சோதனை: வேகம் மட்டும் போதாது, அடி ஒரே சீராக விழவேண்டும். கெட்டியான மண் முற்றத்தில் சலித்த மண்ணை மெல்லியதாகத் தூவி, பெரியவரை நடக்கச் சொல்லுங்கள். ஒரு வலது குதிகால் தடத்திலிருந்து அடுத்த வலது குதிகால் தடம்வரை கயிற்றால் அளந்து பாருங்கள். ஐந்தாறு அளவு எடுங்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருந்தால் கவனம் தேவை. அளவுகளைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

"எங்க அப்பா வீட்டுக்குள்ள நல்லாத்தானே நடக்கிறாரு?" என்று கேட்பீர்கள். சிமெண்டுத் தரை ஏமாற்றும். உடம்பு நிலையாக நிற்கக் கண், காதின் உட்பகுதி, பாதத்தின் உணர்ச்சி ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி தருகின்றன. மணலிலும் சரளையிலும் பாதம் தரும் செய்தி குழம்பும். இருட்டில் கண்ணும் உதவாது. ஆகவேதான் அந்தி நேரத்து வரப்பு ஆபத்தானது. கரடுமுரடான தரையில் இளைஞருக்குக்கூட அடி சீர்குலையும். ஆனால் அவர் சமாளித்துக்கொள்வார். பெரியவரை அங்கே சோதனைக்கு நடக்க விடாதீர்கள். வழக்கமாகப் போகும்போது கவனித்தால் போதும். அடியைக் குறுக்குகிறாரா? காலை அகட்டி வைக்கிறாரா? பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்துகிறாரா? இவை எச்சரிக்கை.

நடை தடுமாறினால் காரணம் தேடவேண்டும். சர்க்கரை நோயால் மரத்த பாதம், கண்புரை, தொடைத் தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ தரும் கிறுகிறுப்பு: இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருவதும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நல்ல பயிற்சி. முறையான பயிற்சி, விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். வாசற்படியில் விளக்குப் போடுங்கள். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள்.

கர்ப்பிணி மனைவிக்கும் இந்தக் கவனம் வேண்டும். வயிறு பெருக்கும் மாதங்களில் உடம்பின் சமநிலை மாறும். தன் பாதம் தனக்கே தெரியாது. அவருக்குச் சோதனை எதுவும் வேண்டாம். தண்ணீர்க் குடத்தைக் கணவர் தூக்கட்டும். அதில் வெட்கம் என்ன? தவறி விழுந்துவிட்டால், "வலிக்கலையே" என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு 108.

இன்று மாலையே நாற்காலியைப் போடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து அளந்து பாருங்கள்.