பெயர் கொடுத்த பெண்கள்



திருநீர்மலைக்குப் பக்கத்து ஊர் பல்லாவரம். மறைமலையடிகள் அங்கே வாழ்ந்தார் என்று எல்லோரும் சொல்வோம். அவருடைய மகள் நீலாம்பிகை என்ன செய்தார் என்று கேட்டால் அமைதிதான். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். ஈ.வெ.ரா.வை இனி 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். மேடைக்கு மேடை அந்தப் பெயரைச் சொல்கிறோம். அதைக் கொடுத்தவர்களின் பெயர் நம் வாயில் வருவதில்லை.

மறுநாளே மருத்துவர் தருமாம்பாள் உள்ளிட்ட பெண்கள் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். குழந்தைகளோடு சிறைக்குப் போனவர்களும் உண்டு. பெண்களைத் தூண்டிவிட்டார் என்று பெரியார் மீது வழக்குப் போட்டுத் தண்டித்தது இராஜாஜி அரசு. பெண்கள் தாங்களாகவே முடிவெடுத்திருப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்!

பழைய ரோமாபுரியிலும் பெண்களுக்கு வாக்கு கிடையாது. ஆனாலும் கி.மு. 195இல், தங்கள் நகைக்கும் உடைக்கும் கட்டுப்பாடு போட்ட ஓப்பியஸ் சட்டத்தை எதிர்த்துத் தெருவை நிறைத்தார்கள். சட்டம் போனது. அதை எழுதிவைத்த லிவி, கேட்டோ, வலேரியஸ் என்ற இரண்டு ஆண்களின் பேச்சைப் பக்கம் பக்கமாகத் தருகிறார். தெருவில் நின்றவர்களில் ஒருத்தி பெயர்கூட இல்லை. அங்கிருந்த அடிமைப் பெண்களைக் கேட்கவே வேண்டாம்.

நம் ஊரில் இந்த மறதிக்குச் சாதியும் துணை. அதே 1938 மாநாட்டில் முன்னின்ற அன்னை மீனாம்பாளை 'மேயர் சிவராஜின் மனைவி' என்றே அறிமுகப்படுத்துகிறோம். சிவராஜ் மேயரானது 1945இல். மீனாம்பாள் சைமன் குழுவை ஆதரித்து மேடையேறியது 1928இல். இடைப்பட்ட 17 ஆண்டுகள் அவர் யாருடைய மனைவியாகப் பேசினார்?

1942 சூலையில், நாக்பூரில், சுலோச்சனாபாய் டோங்ரே தலைமையில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள், சட்டமன்றங்களிலும் பிற மக்கள் மன்றங்களிலும் தங்களுக்கு இடம் ஒதுக்கக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். சரியாக 80 ஆண்டு கழித்து, நம் தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஏதோ யாரோ போட்ட பிச்சை மாதிரி அதைப் பேசுகிறவர்களை டீக்கடையில் நானே கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நாக்பூரைச் சொல்லுங்கள்.

இன்றைய அழைப்பிதழில் பேச்சாளர்கள் ஐந்து பேர். நன்றியுரைக்கு மட்டும் இந்தப் பகுதித் தோழி ஒருவர். எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதை அவருக்குத் தருகிறேன். தோழர், வாங்க, பேசுங்க. நன்றியுரையை நான் சொல்லிக்கொள்கிறேன்.