எழுதும் இயந்திரமும் மாணவரும்



2022 நவம்பர் இறுதியில் சற்ஜிபிரி வெளிவந்தது முதல், சர்வகலாசாலை மாணவர் பலர் கட்டுரை எழுத அதன் உதவியை நாடுகின்றனர். பிழை திருத்தவும், விளங்காத பகுதியை விளக்கவும் அதனைக் கேட்பதிற் குற்றமில்லை. அகராதி பார்ப்பதைக் குற்றமென்பார் உண்டோ? ஆனால், அடுத்து வரத்தக்க சொல் எதுவென்று கணித்துக் கணித்து வாக்கியங் கோக்கும் அவ்வியந்திரம் மெய் பொய் ஆராய்வதில்லை. ஆதலால் இல்லாத நூலையும் இருப்பதுபோல மேற்கோள் காட்டும். அது புனைந்து கொடுத்த வழக்குகளை நம்பி மன்றிற் சமர்ப்பித்த நியூயோர்க் சட்டத்தரணிகளுக்கு 2023 இல் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றுத் தேர்ந்தவர் கதியே இதுவாயின், முதலாண்டு மாணவர் கதி என்னாகும்?

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதற்கென வேறு கருவிகள் வந்துள்ளன. அவற்றின் தீர்ப்பை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைக் கள்ளனென்று சொல்லிவிடாதீர்கள். 2023 இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்தென்றன. பழகிய சில சொற்களையே வைத்தெழுதும் எளிய நடை அதற்குக் காரணமாம். நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் பெரும்பாலும் அத்தகையதன்றோ? சந்தேகம் வந்தால் மாணவனை எதிரே இருத்தி, எழுதியதை வாயால் விளக்கச் சொல்லுங்கள். கால்மணி நேரம் போதும்.