பாரிசவாயு கண்டாரைப் பேணுமுறை
(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் வைத்தியரல்லேம், பள்ளியில் தமிழ் பயிற்றும் ஆசிரியரே. ஆயினும், எம் பெரிய தந்தையார் தமது 72-ஆம் வயதிற் பாரிசவாயுவால் வலக்கை, வலக்கால், பேச்சு ஆகிய மூன்றும் ஒருங்கே தளர்ந்து, மருத்துவமனையினின்று வீடு திரும்பியபின், அவரைப் பேணுதலில் யாம் இழைத்த பிழையொன்றை இச்சபையின்கண் மறையாது கூறுதல் நம் குடும்பங்கட்குப் பயன்படுமென்று துணிந்தே எழுந்தோம்.

உட்கார வைத்தே உணவு கொடுக்க வேண்டுமென மருத்துவர் சொல்லியனுப்பினார். யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. "மெலிந்த உடம்பை ஏன் வருத்துவது?" என்று படுக்கையிற் கிடத்தியவாறே பாலாடையால் நீர்த்த கஞ்சியை வார்த்தோம். அவர் இருமினார், கபம் என்றோம். குரல் கரகரத்தது, குளிர் என்றோம். நான்காம் நாள் கடுஞ்சுரம் கண்டது. கஞ்சி நுரையீரலிற் புகுந்து நோயாயிற்று! மீண்டும் மருத்துவமனையில் அவர் பன்னிரண்டு நாள் கிடந்தார்.

இதன் காரணத்தை அங்கேதான் அறிந்தோம். தொண்டையில் உணவு வழியும் மூச்சு வழியும் அடுத்தடுத்துள்ளன. விழுங்குங்கால் மூச்சு வழி தக்க நேரத்தில் மூடிக்கொள்ள மூளையின் ஏவல் வேண்டும். பாரிசவாயு புதிதாய்க் கண்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இவ்வேவல் பிழைபடுகின்றது. தண்ணீர் விரைந்தோடுவதால் அதுவே பெரும்பாலும் முதலில் வழிதவறும். சிலர்க்கு இருமலுமின்றியே உட்புகும். ஆதலின் விழுங்குதிறனைப் பயின்றவர் சோதிக்குமுன் நீரோ, காப்பியோ, மாத்திரையோ வாயிலிடலாகாது. விழுந்தவர் வாயில் சோடா ஊற்றும் நம்மூர் வழக்கம் இனியேனும் ஒழிக. ஊற்ற எடுக்கும் நேரத்தில் வண்டி பிடித்தல் நன்று. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, அதற்குரியார்க்கு, பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட வேண்டும்.

உணவின்போது நோயாளரை நேரே நிமிர்த்தி அமர்த்துக. சிறு கரண்டியாற் கொடுத்து, ஒரு வாய் இறங்கியதைக் கண்டபின்னரே மறுவாய் கொடுக்க. தளர்ந்த பக்கத்துக் கன்னத்திற் சோறு தங்கும். அதனைப் பார்த்து அகற்றுக. உண்டபின் அரைமணி நேரம் சாய்க்காதிருக்க. பல்லும் நாவும் நாடோறும் துலக்கப்படுக. வாயின் அழுக்கும் நுரையீரலுக்குப் பகையே. உணவு எவ்வளவு குழைவாக இருத்தல் வேண்டுமென்பதை மருத்துவரிடமே கேட்டறிக.

இனி, கஞ்சி ஒன்றே போதுமென்னும் எண்ணம். நோயிற் கிடக்கும் முதியவர் தசை விரைந்து கரையும். தசையின்றி நடை மீளுமாறு எங்ஙனம்? உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் அளவேனும் புரதம் வேண்டுமென்பர்; 50 கிலோ எடையுள்ளார்க்கு 60 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு. நீர்க்கஞ்சியிலோ மிகச் சொற்பம். பருப்பைக் குழைத்த பொங்கல், கெட்டித் தயிர், முள் நீக்கி மசித்த மீன், மெத்தென வெந்த முட்டை ஆகியன வேளைதோறும் ஏதேனுமொன்று சேர்க. சிறுநீரகக் குறையுடையார் மட்டும் கேட்டுச் செய்க. விலையுயர்ந்த டப்பா மாவுக்குக் கடன்படுதல் எல்லார்க்கும் வேண்டுவதன்று. பெரும்பாலும் நல்லூட்டமுடைய நோயாளர்க்கு ஊட்டப்பானத்தை வாடிக்கையாகச் சேர்ப்பதால் நற்பயன் விளங்கவில்லை என, பல நாடுகளில் நடந்து 2005-இல் வெளியான ஆராய்ச்சி கண்டது. மெலிந்தார் நிலை வேறு.

இன்னொன்று. எம் பெரிய தாயார் அன்பின் மிகுதியால் ஒவ்வொரு கவளத்தையும் தாமே ஊட்டினார். பயிற்சியளிக்க வந்த அம்மையார் அதனைத் தடுத்து, கரண்டிக் காம்பிற் துணி சுற்றித் தடிப்பாக்கி, தளர்ந்த வலக்கையிலேயே கொடுத்தார். பயன்படுத்தாத கை மறந்த கையாகும் என்றார். மூன்று திங்களாயின. இப்பொழுது பெரிய தந்தையார் தாமே உண்கின்றார். பாதிச் சோறு மேல்துண்டில் விழும். பெரிய தாயார் உதவக் கை நீட்டுவார். அவர் பேச்சு இன்னும் திருந்தாமையால், இடக்கையை அசைத்து, "இரு" என்று சைகை காட்டுவார்.