நிதானமே வேகம்: ஃபெலீச்சே நத்சாரோ



இலக்கிய மேடையில் கார் பந்தய வீரருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வெற்றியும் இழவும் ஒரே நாளில் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்ற கதை இது. அதனாலேயே துணிந்தேன்.

ஃபெலீச்சே நத்சாரோ இத்தாலியின் தூரின் நகரத்தவர். செய்ரானோவின் பட்டறையில் தொழில் பழகியவர். 1899இல் அப்பட்டறையை ஃபியட் நிறுவனம் வாங்கியபோது அவரும் அங்கே சென்றார்.

1907ஆம் ஆண்டு அவருடையது. சிசிலியின் மலைப்பாதைகளில் தார்கா ஃப்ளோரியோ, ஜெர்மனியில் கைசர் பரிசு, பிரான்சின் தியெப்பில் கிராண்ட் பிரி ஆகிய மூன்றையும் வென்றார். விதிகள் வெவ்வேறு, கார்களும் வெவ்வேறு. பிரெஞ்சுப் பந்தயத்தில் நூறு கிலோமீட்டருக்கு 30 லிட்டர் எரிபொருளே அனுமதி. ஏறத்தாழ 770 கிலோமீட்டர் ஓடவேண்டும். கண்மண் தெரியாமல் விரட்டுகிறவர் நடுவழியில் நிற்கவேண்டியதுதான். நத்சாரோவோ பொறியை வருத்தாமல் ஓட்டுபவர். மணிக்குச் சராசரி 113 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வென்றார். கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கத் தெரிந்த தேர்ப்பாகன் என்றே அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

பின்னர்ச் சொந்தமாகக் கார்த் தொழில் தொடங்கினார். 1913இல் தம் பெயர் தாங்கிய காரிலேயே மீண்டும் தார்கா ஃப்ளோரியோவை வென்றார். தொழில் நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் விலகிக்கொண்டார்.

1922 ஜூலை, ஸ்திராஸ்பூர். நாற்பதைத் தொட்டுவிட்ட நத்சாரோ மீண்டும் ஃபியட் காரில் அமர்ந்தார். பிரெஞ்சு கிராண்ட் பிரி, அறுபது சுற்றுகள். அதே அணியில் அவருடைய உறவினர் பியாஜோவும் ஓட்டினார். இறுதிக் கட்டத்தில் பியாஜோவின் காரில் பின்அச்சு முறிந்தது. அவர் அங்கேயே மாண்டார். போர்தினோவின் காரிலும் அச்சு முறிந்தது, அவர் பிழைத்தார். நத்சாரோ ஒருவரே எஞ்சினார். இரண்டாவதாக வந்தவரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி எல்லைக்கோட்டைக் கடந்தார்.

பந்தயத்துக்குப் பின் அவரது காரைப் பிரித்துப் பார்த்தார்கள். அதன் அச்சிலும் விரிசல் ஓடியிருந்தது.

அவரைக் காத்தது அந்த மென்மையான கையா, வெறும் தற்செயலா? மென்மைக்கும் அதில் பங்குண்டு என்பதே என் எண்ணம். ஆனால் அவ்வாறு சொல்லும்போதே நாக்கு கூசுகிறது; மாண்ட இளைஞர் மீது பழி சுமத்தியதாகிவிடுமே! குற்றம் இரும்பினுடையது, அதை வார்த்தவர்களுடையது.

மறு ஆண்டு மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரியில் அதே நிறுவனத்தின் காரில் ஓடி இரண்டாமிடம் பெற்றார். 1940இல் தூரினில் மறைந்தார்.